தாய்ப்பால் சோப்பு: நாத்தனாரிடம் சொல்லாமல் கொடுத்தது தவறா?

கொங்கு மண்டலத்திலிருந்து 29 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன். முதல் குழந்தைக்குப் பால் போதாமல் மூன்றாம் மாதத்திலேயே புட்டிப்பாலுக்கு மாற நேர்ந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இரண்டாவது குழந்தை பிறந்தது முதல், ஒவ்வொரு முறை பாலூட்டி முடித்த பிறகும் பம்ப் வைத்து மிச்சப் பாலை எடுத்து, பைகளில் தேதி எழுதி பிரீசரில் சேர்த்துவந்திருக்கிறார். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம், பிரீசரில் இடமில்லை. ஒரு நாள் அவசரத்துக்கு ஒரு பையை உருக்கிக் கொடுத்தபோது பாலில் சோப்பு வாடை அடித்தது. குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தவருக்கு அதைக் கொட்டவும் மனம் வரவில்லை. தாய்ப்பாலைக் கால் மிதிபடும் இடத்தில் கொட்டினால் மாரில் பால் வற்றிவிடும் என்று மாமியாரும் தடுத்திருக்கிறார்.

பிறகு காணொலி ஒன்றைப் பார்த்து, அந்தப் பாலில் சோப்பு செய்திருக்கிறார். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்தவை சில. கடையில் விற்கும் சோப்பு பேஸை (ஏற்கெனவே தயாரான சோப்புக் கட்டியை) உருக்கி அதில் பாலைக் கலந்து அச்சில் ஊற்றியவை சில. குழந்தையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் உள்ள கரப்பான் என்ற தோல் அழற்சிக்கு நல்லது என்று நம்பி அதையே தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு, "வீட்டில் செய்த பால் சோப்பு" என்று சொல்லி இரண்டு கட்டிகள் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் தேய்த்துக் குளித்துப் பாராட்டிய நாத்தனார், என்ன பால் என்று தெரிந்ததும் குமட்டி வாந்தி எடுத்து, "இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிப் போய்விட்டார். கணவர் யார் பக்கமும் பேசவில்லை. இதற்கிடையில், தெருவில் ஒரு தோழி கட்டிக்கு 150 ரூபாய் தருகிறேன், எனக்கும் செய்து கொடு என்கிறார். தாய்ப்பாலில் அருவருக்க என்ன இருக்கிறது, நாத்தனாருக்கு ஏதாவது நோய் வருமா, குழந்தைக்குத் தேய்க்கலாமா, விற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பால் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கவில்லை. தாய்ப்பாலில் லைபேஸ் என்ற நொதி இயல்பாகவே இருக்கிறது. பாலின் கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரித்துக் குழந்தைக்குச் செரிக்க உதவுவது அதன் வேலை. பிரீசரில் வைத்தாலும் அந்த வேலை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். சில தாய்மாருடைய பாலில் கொஞ்சம் வேகமாகவே நடக்கும். அப்படிப் பிரிந்த கொழுப்பு அமிலங்களின் வாடைதான் உங்களுக்குச் சோப்பு வாடையாகத் தெரிந்தது. சரியாகச் சேமித்த பாலாக இருந்தால் அது குழந்தைக்குத் தீங்கு செய்யாது. சில குழந்தைகள் குடித்துவிடும், சில குழந்தைகள் மறுக்கும், அவ்வளவுதான். புளித்த நெடி அடித்தாலோ, இலேசாகச் சுழற்றிய பிறகும் கொழுப்பு கலக்காமல் திரிதிரியாக நின்றாலோதான் கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும். இனி எடுக்கும் பாலைப் பிரீசரில் வைக்குமுன், கொதிக்க விடாமல், பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழ்கள் வரும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, உடனே குளிரவைத்தால் லைபேஸ் அடங்கிவிடும். பாலின் நோய் எதிர்ப்புச் சத்து சிறிது குறையும் என்பதால், குழந்தை வாடையை ஏற்காவிட்டால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சோப்பில் பாலின் மருந்துக் குணம் மிஞ்சுகிறதா?

தாய்ப்பாலின் பெருமை அதன் உயிருள்ள தன்மையில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள், ஐஜிஏ எனும் எதிர்ப்புப் புரதம், லாக்டோஃபெரின், லைசோசைம் எல்லாம் குழந்தையின் குடலுக்குள் போய் வேலை செய்பவை. காஸ்டிக் சோடாக் கரைசலில் விழுந்த கணத்திலேயே இந்தப் புரதங்கள் உருக்குலைந்துவிடுகின்றன. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு இருக்கும் கொழுப்பும், தேங்காய் எண்ணெயோடு சேர்ந்து அதுவே சோப்பாக மாறிவிடுகிறது. நூற்றுக்கு ஏழு பங்கு இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை நுரையைக் கொஞ்சம் கூட்டித் தரும். உங்கள் சோப்பு பழுப்பு நிறத்தில் வந்ததாகவும், செய்யும்போது அம்மோனியா போன்ற நெடி வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது காஸ்டிக் சோடா என்ற காரத்தின் சூட்டில் அந்தச் சர்க்கரையும் புரதமும் கருகியதன் அடையாளம். பாலைக் கட்டியாக உறையவைத்து, அதன் மேல் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைப்பவர்களுக்கு நிறம் வெளுப்பாக வரும். ஆனால் நிறம் எப்படி வந்தாலும், கையில் இருப்பது சோப்புதான். பாலின் மருந்துக் குணம் அதில் இல்லை.

தாய்ப்பால் கரப்பானுக்கு நல்லது என்று நீங்கள் படித்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பொய்யல்ல. மிதமான கரப்பானுக்கும், நாப்கின் கட்டும் இடத்தில் வரும் சிவப்புத் தடிப்புக்கும் தாயின் பாலையே நேரடியாகத் தடவிப் பார்த்த சிறிய ஆய்வுகள் ஈரானில் நடந்தன. குறைந்த வீரியமுள்ள ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்புக்கு இணையாக அது வேலை செய்ததாகவும் சொன்னார்கள். வேறு ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை. எதுவாயினும் அவர்கள் தடவியது புதிதாக எடுத்த பால். அந்த முடிவைச் சோப்புக்குப் பொருத்த முடியாது.

குழந்தையின் தோல் இலேசான அமிலத் தன்மை உடையது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு அதில் ஐந்தரைக்கு அருகில் இருக்கும். காஸ்டிக் சோடாவில் செய்த எந்தச் சோப்புக்கும், அது எவ்வளவு நல்ல எண்ணெயில் செய்ததாக இருந்தாலும், பிஎச் 9 முதல் 10 வரை, அதாவது காரத் தன்மையில் இருக்கும். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு அழுக்கை நன்றாக எடுக்கும். அதே வேகத்தில் தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். கரப்பான் உள்ள குழந்தைக்கு அந்தப் பசையே இருக்கும் ஒரே கவசம். ஆகவே இன்றே நிறுத்திவிடுங்கள். கடலை மாவு, பயத்தம் மாவும் வேண்டாம். வெடித்த தோலில் உணவுப் புரதத்தைத் தேய்ப்பது பிற்பாடு ஒவ்வாமைக்கு வழி செய்யலாம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். ஒரு வாரத்தில் தணியவில்லை என்றாலோ, அந்த இடத்தில் நீர் வடிந்தாலோ, மஞ்சள் பொருக்கு கட்டினாலோ குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வகைச் சோப்பும் ஒன்றல்ல

காஸ்டிக் சோடாச் சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டமாக உலர வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். நீங்கள் பத்தே நாளில் எடுத்துவிட்டதாகத் தெரிகிறது. எண்ணெயின் அளவுக்கேற்ற காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்துப் போடாமல் கரண்டிக் கணக்கில் போட்டிருந்தால், கலவையில் காரம் மிஞ்சித் தோலைப் புண்ணாக்கும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் காஸ்டிக் சோடா இருப்பதே எனக்குக் கவலை தருகிறது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம்; தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை ஒரு வாய் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து, ஆயுள் முழுதும் சிகிச்சையாகிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைக்கவே கூடாது. மீதம் இருப்பதைப் பூட்டி வையுங்கள்.

சோப்பு பேஸை உருக்கிப் பால் கலந்த கட்டிகளின் சிக்கல் வேறு. அங்கே பாலைச் சோப்பாக மாற்றும் காரம் இல்லை. பால் பாலாகவே கட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. குளியலறை ஈரத்தில் அது ஊசிப்போகும், பூஞ்சை பிடிக்கும். அந்தக் கட்டிகளை யாருக்கும் கொடுக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

நாத்தனாருக்கு நோய் வருமா என்று பயந்திருக்கிறீர்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கு உங்களுக்குக் கர்ப்ப காலத்தில் பரிசோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று முடிவு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காயமில்லாத தோலில் சோப்பாகத் தேய்த்துக் கழுவியதால் நோய் தொற்றும் என்று அஞ்ச இடமில்லை. தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பைப் பற்றிய பதில் இத்துடன் முடிந்தது. அவருடைய மனத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அருவருப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

நம் வீடுகளில் தாய்ப்பால் வாய்க்கு மட்டுமானதாக என்றுமே இருந்ததில்லை. வசம்பையும் சாதிக்காயையும் மாசிக்காயையும் தாய்ப்பாலில் உரைத்துத்தான் பிள்ளைக்கு உரைமருந்து புகட்டினார்கள். சித்த மருத்துவத்தில் முலைப்பாலில் அரைக்கும் மருந்துகள் உண்டு. கண் வலித்தால் பாலூட்டும் பெண்ணிடம் போய் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. (கண்ணில் விடுவதை நான் ஏற்பதில்லை, கிருமித் தொற்று உள்ள கண்ணுக்குச் சரியான மருந்து தள்ளிப்போவதுதான் அதன் பலன்.) தைவானில் தாய்மார் மிச்சப் பாலைக் கொடுத்துச் சோப்பாகச் செய்து வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். ஐரோப்பிய ஒன்றியமோ மனித உடலிலிருந்து வரும் எதையும் அழகுசாதனப் பொருள்களில் சேர்க்கத் தடை விதித்திருக்கிறது. ஆக, உங்கள் எண்ணம் விசித்திரமும் இல்லை, அருவருப்பவர்களின் எண்ணம் மூடத்தனமும் இல்லை.

"கழுதைப்பால் சோப்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், மனுஷிப் பால் என்றால் மட்டும் கசக்கிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதை நாத்தனாரிடம் கேட்காதீர்கள். கழுதையை அவருக்குத் தெரியாது, உங்களைத் தெரியும். பழகிய ஒருவரின் உடம்பிலிருந்து வந்தது தன் உடம்பில் பட்டது என்பது நெருக்கமான விஷயம். அந்த நெருக்கத்தை அனுமதிப்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை. உரைமருந்து தாய் தன் பிள்ளைக்குக் கொடுப்பது; கண்ணில் விட்ட சொட்டில் பெறுபவருக்கு என்னவென்று தெரியும், கேட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் பால்குடி உறவு (ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்களை உடன்பிறந்தவர்களாகக் கருதுவது) திருமணத் தடை வரை போவது. அது குடிப்பதைப் பொறுத்ததே என்றாலும், பிறர் பால் என்றால் யோசிப்பவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லும் வாய்ப்பை நீங்கள் அவருக்குத் தரவில்லை. உங்கள் பாலில் உங்களுக்காகச் சோப்பு செய்துகொண்டது உங்கள் விருப்பம், அதில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "பால் சோப்பு" என்று பாதி சொல்லிக் கொடுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

கடிதத்தின் நடுவே, "அவருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விசேஷ வீடுகளில் வளையல் போட முன்னால் கூப்பிடப்படாத பெண், தம்பி மனைவியின் மிஞ்சிய தாய்ப்பாலில் இரண்டு வாரம் குளித்திருக்கிறோம் என்று அறியும்போது அவர் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குமட்டலில் துக்கமும் கலந்திருக்கலாம். இருந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. இருக்கக்கூடும் என்ற நினைப்போடு அவரிடம் போங்கள் என்கிறேன்.

தொலைபேசியில் வேண்டாம், நேரில் போங்கள். சோப்பு நல்லது, ஆபத்தில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள் என்று விளக்கத்தில் தொடங்க வேண்டாம். "அண்ணி, உங்களைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. எனக்கு அது உசத்தியாகத் தெரிந்தது, உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை" என்பது போதும். அவர் கேட்டால் மட்டும் நோய் பயம் இல்லை என்பதைச் சொல்லுங்கள். கணவரும் உடன் வரட்டும். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே பேசாமல் இருப்பது நடுநிலை ஆகாது; இருவரும் அதைத் தமக்கு எதிரானதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மாமியார் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கொட்டிய இடத்தைப் பொறுத்துப் பால் வற்றாது. மாரில் எவ்வளவு பால் காலியாகிறதோ அதைப் பொறுத்தே மறுபடி சுரக்கும். ஆனால் அதைச் சொல்லி அவரோடு வாதாட வேண்டியதில்லை. பாலை வீணாக்கக் கூடாது என்பதில் நீங்கள் இருவரும் ஒரே கட்சி.

விற்கலாமா?

கூடாது. தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ தான் அனுமதி எதுவும் அளிக்கவில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மே மாதம் அறிவித்தது. அதையொட்டி, புட்டியில் அடைத்துத் தாய்ப்பால் விற்ற கடை ஒன்றுக்குச் சென்னை மாதவரத்தில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அது உணவு பற்றியது, நான் செய்வது சோப்புதானே என்று கேட்பீர்கள். குளியல் சோப்பு 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வருகிறது. விற்பனைக்குத் தயாரிக்க 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் செய்தது, கையால் செய்தது, பத்துக் கட்டிதான் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. "கரப்பானைக் குணமாக்கும்" என்று சொல்லி விற்றால் அதை மருந்தாகவே கருதுவார்கள். சிக்கல் இன்னும் பெரிதாகும். தோழியிடம் பணம் வாங்காதீர்கள். இலவசமாகக் கேட்டாலும், அவர் தோலில் எது வந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும் என்பதை நினைத்து மறுத்துவிடுங்கள்.

பிரீசரில் மீதம் இருக்கும் பால்

பிரீசரில் ஆறு மாதம் வரை பால் நல்ல நிலையில் இருக்கும். உருகிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீண்டும் உறையவைக்கக் கூடாது. மின்வெட்டில் முழுதும் உருகி மறுபடி உறைந்த பைகள் இருந்தால் அவற்றை மட்டும் கொட்டிவிடுங்கள். ஆறாம் மாதம் முடிந்து கூழும் கஞ்சியும் தொடங்கும்போது, தண்ணீருக்குப் பதில் உருக்கிய பாலைக் கலந்து பிசைந்து கொடுக்கலாம். அதில் வாடையும் பெரிதாகத் தெரியாது.

இன்னொரு வழி, தாய்ப்பால் வங்கி. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்பட, தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இவ்வங்கிகள் இருக்கின்றன. கோவை அரசு மருத்துவமனையிலும் உண்டு. கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கி, மறுபடி சோதித்த பிறகே குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். பணம் தரமாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்கு ஓரிரு மில்லிலிட்டர்தான் தேவைப்படும். நீங்கள் ஒரு சோப்பு அச்சுக்கு ஊற்றிய 100 மில்லிலிட்டர் அந்தக் குழந்தைக்குப் பல நாள் உணவு. அதன் குடல் அழுகிப்போகும் ஆபத்தைக் குறைப்பதும் அந்தப் பால்தான். வீட்டில் ஏற்கெனவே எடுத்து வைத்த பாலை எல்லா வங்கிகளும் ஏற்பதில்லை. அங்கேயே வந்து கொடுக்கச் சொல்வார்கள். போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வங்கிக்காகக்கூட நீங்கள் இப்போதைய அளவுக்கு எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தை எடை சீராக ஏறுகிறது, நாளைக்கு ஆறேழு முறை சிறுநீர் கழிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பால் போதுகிறது. பாலூட்டிய பின்னும் பம்ப் வைத்தால், இரட்டைக் குழந்தைகள் இருப்பதாக நினைத்து உடம்பு அதற்கேற்பச் சுரக்கிறது, மார் கட்டுகிறது, வலிக்குப் பயந்து மறுபடி பம்ப் வைக்கிறீர்கள். முதல் குழந்தைக்குப் போதாமல் போன பயம் இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. ஆனாலும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு பம்ப் வேளையாகக் குறையுங்கள். இடையில் மார் கனத்தால், இறுக்கம் தளரும் வரை மட்டும் கையால் பீய்ச்சிவிட்டு, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து கல்லாக இறுகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தாமலேயே, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.